க்ளே: களிமண் என்று ஒரு பெயர்

வாசகர் கேள்வி, 2 மார்ச் 2024

"அக்கா, நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். மகன் போகிற ப்ரீஸ்கூலில் அவனுக்கு ரொம்ப நெருக்கமான பையன் பெயர் க்ளே. ஊரிலிருந்து வந்திருக்கிற அம்மா, 'களிமண்ணா? பெத்த பிள்ளைக்கு யாராவது களிமண்ணுன்னு பேர் வைப்பாங்களா?' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். குழந்தைப் பெயர்த் தளங்களில் தேடினால் 'மென்மையானவன்', 'வளைந்து கொடுப்பவன்', 'அழியக்கூடியவன்' என்று ஆளுக்கொன்று போட்டிருக்கிறார்கள். குயவர்களின் தொழில் பெயர்தான் இப்படி ஆகியிருக்கும் என்பது என் கணிப்பு. சரியா?"

3 மார்ச் 2024

பாதிதான் சரி, தம்பி. அந்தப் பெயர்க்காரர்களில் மண்ணைப் பிசைந்து பிழைத்தவர்களும் உண்டு. ஆனால் க்ளே முதலில் ஆளின் பெயரே இல்லை, நிலத்தின் பெயர். பழைய ஆங்கிலத்தில் களிமண்ணுக்கு இருந்த சொல்தான் கொஞ்சம் தேய்ந்து இன்றைக்கும் புழங்குகிறது. களிமண் பூமியில் குடியிருந்தவனை ஊர்க்காரர்கள் 'களிமண்காட்டு ஜான்' என்கிற மாதிரி அடையாளம் சொல்லியிருக்கிறார்கள். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு வரி, சொத்து, வழக்கு என்று எல்லாம் ஏட்டில் ஏற ஆரம்பித்தது. ஒரே ஊரில் எத்தனையோ ஜான், எத்தனையோ வில்லியம். பிரித்துச் சொல்ல ஏதாவது ஒட்டு வேண்டும். 14ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்த ஒட்டு பெரும்பாலான இடங்களில் அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகிற குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது.

ஊர்ப் பெயர்கள் அதைவிடப் பழையவை. கிளேட்டன் என்றால் களிமண்ணில் அமைந்த பண்ணை. யார்க்‌ஷரிலும் லங்காஷரிலும் ஸ்டாஃபர்ட்ஷரிலும் சசெக்ஸிலும் கிளேட்டன்கள் இருக்கின்றன. கிளேடன் என்றால் களிமண் குன்று. இங்கிலாந்தின் நிலத்தையும் சொத்தையும் பதிந்து 1086-ல் எடுத்த டூம்ஸ்டே கணக்கிலேயே கிளேட்டன் வந்துவிட்டது.

'மென்மையானவன்' என்பதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. என் வீட்டுத் தோட்டம் முழுக்க லண்டன் களிமண். அதில் மண்வெட்டி போட்டவர்கள் யாரும் மென்மை என்ற வார்த்தையை வாயில் எடுக்க மாட்டார்கள். வார இறுதியில் எழுதுகிறேன்.

4 மார்ச் 2024

"தலையில களிமண்ணா இருக்கு" என்கிற திட்டை வைத்துப் பலர் சிரித்திருக்கிறார்கள். அந்தத் திட்டு நம்முடையது. இங்கிலீஷ்காரர் ஒருவரை மண்டு என்று சொல்ல மரக்கட்டையைத்தான் துணைக்கு அழைப்பார். களிமண் என்றதும் அவருக்கு மந்தபுத்தி ஞாபகம் வராது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், பாதிக் கவலை தீரும்.

'அழியக்கூடியவன்' எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததுதான். கடவுள் மனிதனை மண்ணால் பிசைந்தார் என்று பைபிள் சொல்கிறது. அதிலிருந்து உடம்பைக் களிமண் என்று சொல்லும் வழக்கம் ஆங்கிலக் கவிதையில் ஊறிவிட்டது. அதை எடுத்துப் பெயருக்குப் பொருள் என்று ஒட்டியிருக்கிறார்கள். மழையில் சேறாகிக் கிடந்த வயலை வைத்துப் பக்கத்து வீட்டுக்காரன் கூப்பிட்ட பெயரில் இந்தத் தத்துவம் எல்லாம் இருந்திருக்காது.

9 மார்ச் 2024

சரி, தோட்டக் கதை.

ஈரமாக இருக்கும்போது மண்வெட்டியை ஊன்றி மிதித்தால் உள்ளே போகும், வெளியே வராது. உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். பலம் கொடுத்துப் புரட்டினால் வெட்டின பக்கம் மெழுகு தேய்த்தது போல மினுங்கும். மேலே பழுப்பு நிறம், ஓரளவு ஆழம் போனால் நீலம் கலந்த சாம்பல். காற்றும் தண்ணீரும் பட்ட வரைக்கும் பழுப்பு, படாத இடத்தில் அதன் சொந்த நிறம். ஒரு துண்டைக் கிள்ளி உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். திரி மாதிரி மெலிதாக வரும், அதை மோதிரம் மாதிரி வளைத்தாலும் உடையாது. பூட்ஸில் ஒட்டினால் குச்சி வைத்துத்தான் வழிக்க வேண்டும். ஜூலையில் அதே இடம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், விரிசலில் கை போகும்.

இங்கே விவசாயிகள் இதைக் 'கனமான நிலம்' என்பார்கள். மண்ணைத் தராசில் வைத்துச் சொல்வதில்லை, உழுவதற்கு இழுக்க வேண்டிய பாரத்தைச் சொல்வது. மணல் நிலத்துக்கு இரண்டு குதிரை போதும் என்றால் இதற்கு மூன்று, நான்கு என்று பூட்ட வேண்டியிருக்கும். குதிரைக்கு முந்தைய காலத்தில் எருதுகள். டூம்ஸ்டே கணக்கில் ஒரு ஊரின் வளத்தை ஏர்க் கணக்கிலும் எழுதினார்கள், ஒரு ஏருக்கு எட்டு எருது என்பது கணக்கு. எட்டு எருதை வரிசையாகக் கட்டி ஓட்டினால் வயல் முடிகிற இடத்தில் சட்டென்று திருப்ப முடியாது. கொஞ்சம் முன்னாலேயே வளைக்க ஆரம்பிக்க வேண்டும். அதனால் மத்திய இங்கிலாந்தின் களிமண் வயல்களில் பழைய உழவு வரிகள் நேராக இல்லாமல், எஸ் எழுத்தைத் திருப்பிப் போட்டது போல வளைந்து கிடக்கின்றன. மேய்ச்சல் நிலமாக மாறிய இடங்களில் புல்லுக்கடியில் இன்னும் அந்த மேடுபள்ளம் அப்படியே இருக்கிறது. சாய்வெயிலில் ரயில் ஜன்னல் வழியாகவே பார்க்கலாம்.

அப்படிப்பட்ட நிலத்தில் பிழைத்தவனின் பெயருக்கு 'வளைந்து கொடுப்பவன்' என்று பொருள் போடுவது எனக்கு ஒப்பவில்லை. கையில் பிசைகிற களிமண்ணை மட்டும் தெரிந்தவர்கள் எழுதிய பொருள் அது.

10 மார்ச் 2024

குயவர் விஷயத்தை விட்டுவிட்டேன் என்று ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். க்ளே குடும்பங்களில் சில, களிமண் தோண்டும் குழிகளில் வேலை பார்த்தவர்கள் வழி வந்தவை. பானை வனைபவருக்கு ஆங்கிலத்தில் பாட்டர் என்று தனியாகவே குடும்பப் பெயர் இருக்கிறது. செங்கல், ஓடு, சுவர்ப்பூச்சு என்று களிமண்ணுக்கு வேலை எப்போதும் இருந்தது. மூங்கில் தட்டி மாதிரி குச்சிகளைப் பின்னி, அதன்மேல் களிமண்ணும் சாணமும் வைக்கோலும் சேர்த்துக் குழைத்து அப்பிய சுவர்கள் இங்கிலாந்தின் பழைய வீடுகளில் இன்னும் நிற்கின்றன. எங்கள் பாட்டி வீட்டுச் சுவரும் ஏறக்குறைய இதே சேர்மானம்தான்.

17 மார்ச் 2024

குடும்பப் பெயர் எப்படி முதல் பெயர் ஆனது என்று தம்பி மறுபடி கேட்டிருக்கிறார். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. இதற்கு அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டும்.

ஹென்றி க்ளே என்று ஒரு அரசியல்வாதி. 1777-ல் வர்ஜீனியாவில் பிறந்தவர், கென்டக்கிக்குப் போய் அரசியலில் வளர்ந்து, பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர், செனட்டர், வெளியுறவு அமைச்சர் என்று எல்லாம் பார்த்தவர். ஜனாதிபதி பதவிக்கு 1824, 1832, 1844 என்று மூன்று முறை நின்று மூன்றிலும் தோற்றார். தோற்றாலும் செல்வாக்கு குறையவில்லை. 'ஹென்றி க்ளே' என்பதை முழுதாக எடுத்துப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். இரும்பு, எஃகு தொழிலில் கோடீஸ்வரரான ஹென்றி க்ளே ஃப்ரிக், பாடலாசிரியர் ஹென்றி க்ளே வொர்க் இருவரும் அவர் உயிரோடு இருந்தபோதே பிறந்து அவர் பெயரைச் சுமந்தவர்கள். அவர்களுக்கு அவர் எந்த உறவும் இல்லை. தலைவர் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி இரண்டாம் பெயராக நுழைந்து, வீட்டில் சுருக்கிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, க்ளே தனியாக நிற்கப் பழகியது. கிளேட்டனைச் சுருக்கியும் வந்தது. பாடகர் க்ளே ஐக்கன் பிறந்தபோது வைத்த பெயர் கிளேட்டன்தான். அமெரிக்கத் தெற்கில் குடும்பப் பெயரை முதல் பெயராக வைக்கும் பழக்கம் ஏற்கெனவே பலமாக இருந்ததும் இதற்கு உதவியது.

18 மார்ச் 2024

க்ளே என்றதும் பலருக்கு ஞாபகம் வருகிற ஆளைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கிறீர்கள். அவசரமாக எழுதக் கூடாது என்றுதான் வைத்திருந்தேன்.

முகமது அலி 1942 ஜனவரி 17-ல் கென்டக்கியின் லூயிவில்லில் பிறந்தபோது வைத்த பெயர் கேசியஸ் மார்செலஸ் க்ளே. அப்பாவுக்கும் அதே பெயர். அவர் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். அந்த அப்பாவுக்குப் பெயர் எங்கிருந்து வந்தது? 19ஆம் நூற்றாண்டில் அதே கென்டக்கியில் வாழ்ந்த கேசியஸ் மார்செலஸ் க்ளே என்ற வெள்ளைக்காரரிடமிருந்து. அவர் ஹென்றி க்ளேக்குப் பங்காளி முறை. அடிமைகளை வைத்திருந்த பெரிய பண்ணைக் குடும்பத்தில் 1810-ல் பிறந்து, அடிமை முறைக்கு எதிரியாக மாறி, 1840-களில் தன் அடிமைகளை விடுவித்தவர். 1845-ல் லெக்சிங்டனில் அடிமை ஒழிப்புப் பத்திரிகை தொடங்கினார். அடிமை மாநிலத்துக்கு நடுவில் இது எத்தனை பெரிய துணிச்சல் என்றால், பத்திரிகை அலுவலகத்தில் கதவைப் பார்த்து இரண்டு சின்னப் பீரங்கிகளை நிறுத்தி வைத்திருந்தார். அவர் உடம்பு சரியில்லாமல் கிடந்த நேரம் பார்த்து ஊர்ப் பெரியவர்கள் கூடி, அச்சு இயந்திரத்தைப் பிரித்துப் பக்கத்து மாநிலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு லிங்கன் அவரை ரஷ்யாவுக்குத் தூதராக அனுப்பினார்.

1964 பிப்ரவரி 25-ல் மயாமி பீச்சில் சோனி லிஸ்டனை வீழ்த்தி குத்துச்சண்டையில் உலக சாம்பியன் ஆனபோது அலிக்கு வயது 22. சில நாட்களில் பெயரை மாற்றினார். கேசியஸ் க்ளே ஒரு அடிமைப் பெயர், நான் தேர்ந்தெடுத்ததில்லை, எனக்கு அது வேண்டாம் என்பது அவர் வாதம். பல அமெரிக்கப் பத்திரிகைகள் அதன் பிறகும் ஆண்டுக் கணக்கில் க்ளே என்றே எழுதின. 1967 பிப்ரவரியில் ஹூஸ்டனில் எர்னி டெரல் வளையத்துக்குள் ஏறினார். அதற்கு முந்தைய பேச்சுகளில் அலியை க்ளே என்றே அழைத்துவந்தவர் அவர். அன்று 15 சுற்றும் அடி வாங்கினார். அடிக்கு நடுநடுவே "என் பெயர் என்ன?" என்ற கேள்வியும் வந்துகொண்டே இருந்தது.

19 மார்ச் 2024

நேற்று எழுதியதை நானே திரும்பப் படித்தேன். அதன் கீழே ஒரு வாசகர், "நல்லவர் பெயரைத்தானே வைத்திருந்தார்கள், அதைப் போய் அடிமைப் பெயர் என்றது நியாயமா?" என்று கேட்டிருக்கிறார். இந்தக் கேள்வி அப்போதிருந்தே பலர் எழுப்புவது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

முதலில், கேசியஸ் என்ற பகுதிதான் அடிமை ஒழிப்புக்காரருக்கு மரியாதையாக வைத்தது. க்ளே என்பது அலியின் குடும்பத்துக்கு முன்பே இருந்த கடைசிப் பெயர். அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களில் கணிசமானவற்றுக்குக் குடும்பப் பெயர் எஜமானர் வீட்டிலிருந்து வந்தது. விடுதலையான பிறகு தாங்களே தேர்ந்தெடுத்தவர்களும் உண்டு, ஆனால் தேர்ந்தெடுக்கக் கிடைத்த பெயர்களும் அந்த ஊர் வெள்ளைக்காரர்களின் பெயர்கள்தானே. கென்டக்கியில் க்ளே என்றால் நிலம் வைத்திருந்தவர்கள், ஆட்களையும் வைத்திருந்தவர்கள். ஹென்றி க்ளேயே லெக்சிங்டனில் ஆஷ்லாண்ட் என்ற தன் தோட்டத்தில் அடிமைகளை வைத்திருந்தார்.

இங்கிலாந்தில் தன் காலுக்குக் கீழே இருந்த மண்ணால் ஒருவனுக்குக் கிடைத்த பெயர். அதே பெயர் கென்டக்கியில் இன்னொருவன் காலுக்குக் கீழே இருந்த மண்ணையும் அவனையும் யார் வைத்திருந்தார்கள் என்று சொல்கிறது. அகராதியில் இரண்டுக்கும் ஒரே பொருள்தான் போட்டிருப்பார்கள். ஒரு பெயருக்கு என்ன அர்த்தம் என்று யாராவது கேட்டால், யார் யாருக்கு வைத்தது என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன்.

அதற்காக, வேண்டியே இதே பெயரோடு வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்களைக் குறைவாகச் சொல்லவில்லை. அலியின் அப்பா கடைசி வரை க்ளேதான்.

24 மார்ச் 2024

சின்னச் சின்ன கேள்விகளுக்கு ஒரே மூச்சில்.

எஃப் ஒன் ஓட்டுநர் க்ளே ரெகசோனிக்குக் களிமண்ணோடு சம்பந்தம் இல்லை. சுவிட்சர்லாந்துக்காரர், முழுப் பெயர் ஜான்கிளாடியோ. அதைத் தேய்த்து க்ளே. அது க்ளாடியஸ் என்ற ரோமானியப் பெயரின் வழி.

பார்க்ளே என்ற பெயரின் வாலில் இருப்பதும் களிமண் இல்லை. பெர்க்லி என்ற ஊர்ப் பெயரின் இன்னொரு வடிவம் அது. பிர்ச் மரங்கள் நின்ற வெட்டவெளி என்று பொருள்.

பியானோ ரிச்சர்ட் க்ளேடர்மேனை ஒரு அண்ணன் இழுத்திருக்கிறார். அவர் ஃபிரெஞ்சுக்காரர், இயற்பெயர் ஃபிலிப் பாஜெஸ். மேடைக்காகக் கொள்ளுப்பாட்டியின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார்.

பெர்லினில் இருப்பவர் கேட்ட க்ளேயலே சாலை, அமெரிக்க ராணுவ ஜெனரல் லூசியஸ் க்ளேயின் நினைவாக வைத்தது. 1948-ல் சோவியத் முற்றுகையின்போது மேற்கு பெர்லினுக்கு விமானத்திலேயே உணவும் நிலக்கரியும் அனுப்பியதில் முக்கியமான ஆள். பத்து லட்சம் டாலர் பரிசுக் கணக்குகளை அறிவித்த க்ளே கணித நிறுவனமும் ஒரு குடும்பப் பெயரிலிருந்துதான், லாண்டன் க்ளே என்ற தொழிலதிபர் தொடங்கியது.

7 ஏப்ரல் 2024

ஈஸ்டர் விடுமுறையில் இரண்டு இடங்கள் போய் வந்தோம். இந்த இழைக்காகவே போனேன் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஒன்று, சர்ரேயில் கிளேகேட். வாட்டர்லூவிலிருந்து ரயிலில் எளிதாகப் போய்விடலாம். களிமண்ணுக்குப் போகிற வழி என்று பெயர். இந்த ஊர்ப் பெயரையே புவியியலாளர்கள் எடுத்து, லண்டன் களிமண்ணின் உச்சியில் மணல் கலந்து கிடக்கும் அடுக்குக்கு வைத்திருக்கிறார்கள். மண்ணால் ஊருக்குப் பெயர், ஊரால் மறுபடி மண்ணுக்குப் பெயர். இது எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.

இன்னொன்று சசெக்ஸின் கிளேட்டன். சுண்ணாம்புக் குன்றின் அடிவாரம். மேலே ஜாக், ஜில் என்று இரண்டு காற்றாலைகள். கீழே சின்னத் தேவாலயம், உள்ளே எண்ணூறு தொள்ளாயிரம் வருடப் பழமையான சுவரோவியங்கள், செங்காவி நிறத்தில். குன்றின் மேல் மழை பெய்த மறுநாளே காலில் ஒட்டாமல் நடக்கலாம். இறங்கி வடக்கே இரண்டு வயல் தாண்டினால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஊருக்கு ஏன் அந்தப் பெயர் என்று பலகை வைக்கத் தேவையே இல்லை.

திரும்பும் வழியில் ஒரு பழைய சாமான் சந்தையில் வளைந்த மண் ஓடு ஒன்று வாங்கினேன். குதிரை லாடத்தை நீட்டி இழுத்தது போல இருக்கும். முதுகில் 'DRAIN', அதாவது வடிகால், என்று அச்சுப் பதித்திருக்கிறது, எழுத்து கொஞ்சம் சாய்ந்து, ஓரத்தில் யாரோ ஒருவரின் கட்டைவிரல் பதிந்து. வடிகால் ஓடு. பிரிட்டனில் 1784-லிருந்து 1850 வரை செங்கலுக்கு வரி இருந்தது. களிமண் வயல்களில் தண்ணீரை வடிக்கப் புதைக்கும் ஓடுகளுக்கு மட்டும் வரி வேண்டாம் என்று 1826-ல் விலக்குக் கொடுத்தார்கள். வேறு வேலைக்குப் பயன்படுத்தி ஏமாற்றக் கூடாதே, அதனால் அந்தச் சொல்லைப் பதிக்க வேண்டும் என்று நிபந்தனை. களிமண் வயலைக் காயவைக்க அதே களிமண்ணைச் சுட்டுத்தான் புதைத்தார்கள்.

8 ஏப்ரல் 2024

டென்னிஸ் களிமண் ஆடுகளம் பற்றிக் கேட்டவருக்கு: ஃபிரெஞ்சு ஓபனில் சிவப்பாகத் தெரிவது செங்கல் பொடி, கீழே சுண்ணாம்புக்கல் அடுக்கு. களிமண்ணைச் சுட்டு, உடைத்து, தூவியது. பச்சைக் களிமண்ணில் ஆடினால் ஒரு மழைக்குப் பிறகு நடால்கூட வழுக்கி விழுவார்.

14 ஏப்ரல் 2024

மண் சம்பந்தப்பட்ட வேறு ஆங்கிலப் பெயர்கள் என்று ஒருவர் நீளமாகப் பட்டியல் போட்டிருக்கிறார். அதில் ஜார்ஜும் ஆதாமும் ஆங்கிலப் பெயர்கள் இல்லை. ஜார்ஜ் கிரேக்கம், மண்ணில் வேலை செய்கிறவர், அதாவது விவசாயி. ஆதாம் எபிரேயம், அந்த மொழியில் மண்ணுக்கான சொல்லோடு சேர்ந்தது. ஹீத், டேல், க்ளிஃப் மூன்றும் சரி. ஹீத் என்றால் புதர் மண்டிய தரிசு, டேல் என்றால் பள்ளத்தாக்கு. ஆனால் அவையெல்லாம் நின்று பார்த்து ரசிக்கிற நிலங்கள். க்ளே ஒன்றுதான் உழுது முதுகு ஒடிந்தவனின் நிலம். இந்த வரிசையில் எனக்கு அதன்மேல்தான் பாசம்.

20 ஏப்ரல் 2024

அலி பற்றி இன்னும் ஒன்று பாக்கி. 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில் ராணுவத்தில் சேர்க்கும் இடத்தில் 'கேசியஸ் க்ளே' என்று கூப்பிட்டபோது அவர் முன்னால் அடி எடுத்து வைக்க, அதாவது ராணுவத்தில் சேர, மறுத்தார். பட்டம் பறிபோனது, ஐந்து வருடச் சிறைத்தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் 1971 ஜூனில் உச்ச நீதிமன்றம் எட்டுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் தண்டனையை ரத்து செய்தது. அவரை விடுவித்த அந்தத் தீர்ப்பின் பெயர் 'க்ளே எதிர் அமெரிக்கா'. சட்டப் புத்தகத்தில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

1980-ல் அவர் சென்னை வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார், எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். என் சித்தப்பா கூட்டத்தில் நின்று பார்த்தவர். பெயர் மாறிப் பதினாறு வருடம் ஆன பிறகும் அவருக்கு "க்ளேயைப் பார்த்தேன்" என்றுதான் வாயில் வரும். அவர் காலத்து ஆட்களில் இன்னும் சிலர் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் இதைப் படித்தால், வரவேற்புத் தட்டிகளிலும் சுவரொட்டிகளிலும் எந்தப் பெயர் எழுதியிருந்தது என்று கீழே போடுங்கள்.